வேலிக்கு ஓணான் சாட்சி

1854-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மதராஸ் பட்டணத்தை நோக்கிக் கிராமத்துச் சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் பக்கத்து ஊர்க்காரர்கள். சிலர் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்கள். வந்த காரியம் ஒன்றுதான். தங்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் மீது புகார் சொல்ல வேண்டும். அதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே மூன்று பேர் பட்டணத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மதராஸ் மாகாணத்தில் குடியானவர்களைச் சித்திரவதை செய்து நிலவரி வசூலிக்கிறார்கள் என்று அந்த ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்திருந்தது. பேச்சு பெரிதானதும் கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் அரசு மூவர் குழுவை அமைத்தது: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். நார்ட்டன் வழக்கறிஞர். ஸ்டோக்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர். எலியட் பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட். போலீஸ் சூப்பரின்டெண்டெண்டும் அவரே. பெசன்ட் நகரில் சுண்டல் பொட்டலத்தோடு நாம் காற்று வாங்கும் எலியட்ஸ் கடற்கரை அவர் பெயரில்தான் இருக்கிறது என்பார்கள். போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் குழுவில் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தாக வேண்டும் என்ற வழக்கத்துக்குச் சென்னையில் அவ்வளவு வயது.

நேரிலும் கடிதத்திலுமாக ஏறக்குறைய இரண்டாயிரம் புகார்கள் குவிந்தன. 1855-இல் வெளியான அறிக்கையைப் படிக்கக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிக்கும் கிட்டி. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். கண்ணில் மிளகாய்ப்பொடி. செய்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகள் அல்லர், அவர்களுக்குக் கீழே இருந்த உள்ளூர்ச் சேவகர்கள் என்று குழு எழுதிவைத்தது. துரைமார் கைகளைத் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

ஆனால், அந்த அறிக்கையில் அடியைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. அடிபட்டவன் ஏன் அதுவரை எங்கும் போய்ச் சொல்லவில்லை என்ற கேள்விக்கான பதில் அது. 1816-இல் வந்த விதிப்படி வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். அவருக்கு மேலே இருக்கும் கலெக்டரே மாஜிஸ்திரேட். யார் மீது புகாரோ, அவரிடமே கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் அவருடைய மேலதிகாரியிடம். அந்த மேலதிகாரிக்கோ, சாயங்காலத்துக்குள் வசூல் கணக்கு வந்தாக வேண்டும். பரிகாரம் தேடுவதே கஷ்டம் என்பதைக் குழு மறைக்காமல் பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாக 1859-இல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்துத் தனித்துறை ஆக்கினார்கள். இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1861-இல்தான்.

நூற்றெழுபது ஆண்டுகளில் கிட்டியும் அண்ணாந்தாளும் அகராதிக்குள் போய்விட்டன. புகார்க்காரன் நடக்கும் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்னையிலோ வேறெந்த ஊரிலோ ஒருவர் ஸ்டேஷனில் அடி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஸ்டேஷனில் அவர் புகார் கொடுக்கப் போவதில்லை. உதவி ஆணையரிடம் போவார், ஆணையர் அலுவலகத்துக்குப் போவார். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் முதல்வரின் தனிப்பிரிவுக்கு எழுதுவார், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பார். எல்லா இடத்திலும் மனுவை வாங்கிக்கொள்வார்கள், எண் போட்டுக் கொடுப்பார்கள். பிறகு அந்த மனு ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும். இறங்கி இறங்கி, கடைசியில் எந்த ஸ்டேஷனில் அடித்தார்களோ அங்கேயே வந்து நிற்கும். சில நாளில் ஏட்டு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்பார். கேட்கும் தோரணையிலேயே கையெழுத்து விழுந்துவிடும். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று கிராமத்தில் சொல்வார்கள். இங்கே இரண்டும் ஒரே சீருடையில் இருக்கின்றன.

மாவுக்கட்டுப் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். கைதானவர் ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று செய்தி வரும். படத்துக்குக் கீழே கைதட்டல்களும் குவியும். 2025 மே மாதம் இப்படி ஒரு வழக்கு வந்தபோது, கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸார் விழ மாட்டார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. கேள்வியில் கிண்டல் இருந்தது. அதற்குப் பதில் தேடி அந்தக் கழிவறைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரத்தோடு வெளியாள் யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

அப்படி ஒருவரை உருவாக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. நெருக்கடி நிலை முடிந்தபின் தரம் வீராவின் தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் ஆணையம், 1979-இல் தந்த முதல் அறிக்கையிலேயே போலீஸ் மீதான புகார்களை யார் விசாரிப்பது என்ற கேள்வியைத் தொட்டது. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை என்றால் நீதித்துறை சார்ந்த விசாரணை கட்டாயம் வேண்டும் என்றது. அந்த ஆணையத்தின் உறுப்பினர் செயலர் சி.வி.நரசிம்மன், ஓர் ஐபிஎஸ் அதிகாரி. அறிக்கைகள் எட்டும் டெல்லியில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைத் தூசி தட்டி எடுத்து 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவரும் போலீஸ்காரர்தான். உத்தரப் பிரதேச டிஜிபியாகவும் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் இருந்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங். போலீஸ் சீர்திருத்தம் என்றாலே அது போலீஸுக்கு எதிரானவர்களின் வேலை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

பத்தாண்டு கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. பெயர்ப் பட்டியலைத் தருவது நீதித்துறை, தேர்ந்தெடுப்பது அரசு. எஸ்.பி.யும் அதற்கு மேற்பட்டவர்களும் மாநில ஆணையத்தின் கீழ், டி.எஸ்.பி. வரை உள்ளவர்கள் மாவட்ட ஆணையத்தின் கீழ். இந்த ஆணையங்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். படித்தால் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது.

தமிழ்நாடு ஏழாண்டு யோசித்தது. 2013-இல் தமிழ்நாடு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதில் மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர், உள்துறைச் செயலர். உறுப்பினர்கள், டிஜிபியும் சட்டம்-ஒழுங்கு கூடுதல் டிஜிபியும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். சட்டத்தில் எழுதிய இந்த ஆணையத்துக்கு உயிர் கொடுக்கும் அரசாணை வர 2019 நவம்பர் ஆயிற்று. இந்த அமைப்பே உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி ஒருவரும் உண்டு.

ஓய்வுபெற்ற நீதிபதி என்று உச்ச நீதிமன்றம் சொன்ன இடத்தில் கலெக்டர் என்று எழுதியபோது, 1859-இல் எதைப் பிரித்தார்கள், ஏன் பிரித்தார்கள் என்பதைக் கோட்டையில் யாராவது நினைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. மாவட்டத்தின் சட்டம்-ஒழுங்குக்குக் கலெக்டரும் எஸ்.பி.யும் சேர்ந்தே பொறுப்பு. காலையில் ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒரே மேசையில் உட்கார்ந்த இருவர், மதியம் ஒரு கான்ஸ்டபிள் மீதான புகாரை விசாரிக்க அதே மேசையில் உட்கார வேண்டும். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் புகார் கொடுத்தவருக்கு அந்த அறை எப்படித் தெரியும்?

பக்கத்துக் கேரளத்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தலைமை நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கிறார். சுற்றியிருக்கும் நாற்காலிகளில் அதிகாரிகள் உண்டு என்பதால் அதுவும் முழுச் சுத்தம் இல்லை. ஆனாலும் தலைமாட்டில் இருப்பவர் யார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரும் பழக்கம் இங்கே லேசில் விடுவதில்லை. 2013, 2014 அரசாணைகளால் துணை ஆணையர்களுக்கு நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் தரப்பட்டிருந்தது. ஒருவரைப் பிடித்துக்கொண்டுவருவதும் போலீஸ், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் போலீஸ், பிணையை மீறினார் என்று சிறைக்கு அனுப்புவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகள் செல்லாது என்றது.

வெளியாள் ஒருவர் ஸ்டேஷனுக்குள் கால் வைத்தால் என்ன நடக்கும்? அதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று தந்தையையும் மகனையும் ஸ்டேஷனில் பிடித்துவைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் விடியலில் தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரிக்க அனுப்பியது. 28-ஆம் தேதி அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத அலட்சியம், ஆவணங்களைக் கொடுக்க இழுத்தடிப்பு, அவரையே கைபேசியில் படம் பிடித்த துணிச்சல், ஒரு காவலர் எறிந்த கொச்சை வார்த்தை என எல்லாம் அவருடைய அறிக்கையில் பதிவாயின. உயரதிகாரிகள் இருவர் அங்கேயே நின்றிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பிய ஒரு நீதிபதிக்கே அந்த நடையென்றால், சைக்கிளில் வந்து நிற்கும் ஒருவருக்கு என்ன நடை கிடைத்திருக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் வேண்டிய அளவு இடமும் இருந்தது. ஆனால், பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த இரவைப் பற்றிப் பேசியது கேமரா அல்ல, அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். சீருடைக்குள்ளிருந்து வந்த அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தேவைப்பட்டது.

தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்று, சாத்தான்குளம் ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. வட்டாட்சியர்கள் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்தார்கள். 1859-இல் தாசில்தாரின் கையிலிருந்து போலீஸைப் பிடுங்கினார்கள். 2020-இல் போலீஸின் கையிலிருந்து ஸ்டேஷனைப் பிடுங்கித் தாசில்தாரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் காரணம் ஒன்றே: தன் மீதான புகாருக்குத் தானே காவலாக இருக்க யாரையும் விடக் கூடாது.

அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் இருட்டிலும் படம்பிடிக்கும், ஒலியையும் பதிவுசெய்யும் கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. கேமரா வாங்குவது சுலபம், டெண்டர் விட்டால் வந்துவிடும். வன்தட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அது ஸ்டேஷன் ரைட்டரின் மேசை இழுப்பறையில் இருக்கும்வரை கேமரா சுவருக்கு அலங்காரம்.

மதராஸ் அறிக்கை கடல் கடந்தும் போனது. 1857 செப்டம்பரில், வட இந்தியாவில் கலகம் மூண்டிருந்த நேரத்தில், ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். நம் ஊர்க் குடியானவர்களின் புகார் நியூயார்க் வாசகர்களின் காலைக் காப்பியோடு போய்ச் சேர்ந்தது. அதே நியூயார்க் தன் போலீஸ் மீதான புகாரை யாரிடம் கொடுப்பது என்று பிற்பாடு பல பத்தாண்டு சண்டை போட்டது. அந்தச் சண்டையிலிருந்து சென்னைக்குத் தெரிந்துகொள்ள நிறைய உண்டு.

அங்கே குடிமக்கள் புகார் ஆய்வு வாரியம் 1953-இல் தொடங்கியது. பெயரில்தான் குடிமக்கள், உள்ளே இருந்தவர்கள் மூன்று துணைப் போலீஸ் ஆணையர்கள். நம் 2013 சட்டத்தின் பெரியண்ணன் என்று சொல்லலாம். 1966-இல் மேயர் ஜான் லிண்ட்சே நான்கு பொதுமக்களைச் சேர்த்து, போலீஸாரை மூவராக்கினார். ஒரே ஒரு ஆள் பெரும்பான்மை. அதைக்கூடப் பொறுக்க முடியாமல் போலீஸ் சங்கம் பொது வாக்கெடுப்புக்குப் போனது. இருட்டுத் தெருவில் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஒரு பெண் தனியாக வெளியே வரும் படத்தைச் சுவரொட்டியாக்கினார்கள். புகார் வாரியம் வந்தால் போலீஸ் கையைக் கட்டிக்கொள்ளும், பிறகு இந்தப் பெண்ணைக் காப்பாற்ற யார் என்பது பொருள். ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் அந்த வாரியம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். இங்கே மாவுக்கட்டுப் படத்துக்குக் கைதட்டுகிறவர்களின் மனசும் அந்த 63 விழுக்காட்டின் மனசும் வேறு வேறு அல்ல.

1992-இல் மேயர் டேவிட் டின்கின்ஸ் மறுபடி முயன்றார். செப்டம்பர் 16 அன்று பணியில் இல்லாத போலீஸார் சுமார் 10,000 பேர் நகர மன்றத்தின் முன் திரண்டு, தடுப்புகளைத் தாண்டி, புரூக்ளின் பாலத்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நகரத்தின் முதல் கறுப்பின மேயருக்கு எதிராக இனவெறி வசைகளும் பறந்தன. போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று வெளியார் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்குப் போலீஸாரே நடுத்தெருவில் பதில் எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. 1993 முதல் வாரியம் முழுக்கச் சீருடை இல்லாதவர்களின் கைக்கு வந்தது.

இன்று அதில் 15 பேர். ஐவரை மேயரும் ஐவரை நகர சபையும் மூவரைப் போலீஸ் ஆணையரும் ஒருவரைப் பொதுமக்கள் வழக்காடுநரும் நியமிக்கிறார்கள். தலைவரை மேயரும் சபாநாயகரும் சேர்ந்து நியமிக்கிறார்கள். வாரியத்துக்குச் சொந்தமாகப் புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போலீஸிலிருந்து இரவல் வந்தவர்கள் அல்லர். இதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். ஏனென்றால், தமிழ்நாட்டு மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நீதிபதி தலைவராக இருந்தாலும், அதன் புலனாய்வுப் பிரிவு சட்டப்படியே ஐஜி மட்டத்துப் போலீஸ் அதிகாரியின் கீழ் இயங்குவது. அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சொன்னது பெரிய முன்னேற்றம். ஆனால், பரிந்துரை எழுத உண்மை வேண்டும், உண்மையைத் தேடிப் போகிறவரின் அடுத்த பதவி உயர்வு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

நியூயார்க் வாரியம் வாங்கும் புகார்கள் நான்கு வகை: பலப்பிரயோகம், அதிகார மீறல், மரியாதைக் குறைவு, இழிசொல். மூன்றாவதைப் பார்த்து இங்கே சிலர் சிரிக்கக்கூடும். ஸ்டேஷன் வாசலில் ‘வாடா போடா’ கேட்காதவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களை ‘எடா, எடி’ என்று போலீஸ் கூப்பிடக் கூடாது என்றது. லத்தி இறங்குவதற்கு முன்னால் இறங்குவது இந்த ‘டா’தான். வயதில் தன் அப்பாவை ஒத்தவரை ஒருமையில் விளித்துப் பழகிய நாக்குக்கு அடுத்த படி கடினம் அல்ல.

இவ்வளவும் இருந்தும் நியூயார்க் ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வாரியம் விசாரிக்கலாம், தன் வழக்கறிஞர்களை வைத்துத் துறை விசாரணையில் வாதாடலாம். தண்டனையை முடிவு செய்வது போலீஸ் ஆணையர். 2014 ஜூலையில் ஸ்டேட்டன் தீவில் சில்லறை சிகரெட் விற்றார் என்ற சந்தேகத்தில் எரிக் கார்னரைப் பிடித்தபோது, துறை விதிகளே தடைசெய்திருந்த கழுத்துப்பிடியைப் போட்டார் ஓர் அதிகாரி. மூச்சு முட்டுகிறது என்று கார்னர் 11 முறை சொன்னது காணொளியில் இருக்கிறது. உள்ளூர் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது; ஐந்தாண்டு கழித்து மத்திய அரசும் கைவிரித்தது. அந்த அதிகாரி மீது கடைசிவரை வழக்கு நடத்தியது புகார் வாரியம்தான். 2019 ஆகஸ்ட் 19 அன்று ஆணையர் அவரைப் பணிநீக்கம் செய்தார்.

அதே 2019-இல் பிராங்ஸில் கவாஸ்கி டிராவிக் என்ற இளைஞர் தன் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் அவர் கதவைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரிகளின் சட்டைக் கேமராப் பதிவை வாரியத்துக்குக் கொடுக்கப் போலீஸ் துறை ஓராண்டுக்கு மேல் இழுத்தது. கிடைத்த பிறகு வாரியம் விசாரித்துக் குற்றம் சாட்டியபோது, காலக்கெடு தாண்டிவிட்டது என்றார் துறை விசாரணை நீதிபதி. 2024-இல் ஆணையர் யாரையும் தண்டிக்கவில்லை. ஆதாரத்தைப் பூட்டி வைத்தவர்களே, நேரத்துக்கு வரவில்லை என்று கதவைச் சாத்தினார்கள். சாத்தான்குளத்து வன்தட்டு தினமும் அழிந்தது. பிராங்ஸ் பதிவு தாமதமாக வந்தது. இரண்டிலும் சாவி துறையிடம் இருந்தது.

ஒன்றை மட்டும் நியூயார்க் முழுசாக மாற்றியது. போலீஸாரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை ரகசியமாக வைக்க 1976-இல் கொண்டுவந்த மாநிலச் சட்டத்தை 2020 ஜூனில் நீக்கினார்கள். இன்று ஓர் அதிகாரியின் பெயரைத் தட்டினால் அவர் மீது வாரியத்துக்கு எத்தனை புகார் வந்தது, என்ன முடிவானது என்பதை யாரும் பார்க்கலாம். நம்மூரில் ஒரு காவலருக்குச் சிறு தண்டனைக்கான 3(ஏ) குறிப்பாணை கொடுத்தார்களா, பெரிய தண்டனைக்கான 3(பி) கொடுத்தார்களா, அது என்ன ஆயிற்று என்பது அடி வாங்கியவருக்குக்கூடத் தெரியாது. ஆயுதப்படைக்கு மாற்றினார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அவர் எந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று யாரும் தேடுவதில்லை.

போலீஸ் தரப்பு சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ரவுடிகளும் வசதியுள்ளவர்களும் புகாரையே ஆயுதமாக எடுப்பார்கள் என்ற பயம் பொய்யல்ல. தூக்கமில்லாமல், பண்டிகை இல்லாமல், மேலே இருப்பவர் ‘இன்று இரவுக்குள் பொருள் வந்தாக வேண்டும்’ என்று விரட்ட, கீழே அடிப்பவரும் ஒருவிதத்தில் நெருக்கப்பட்டவர்தான். நியூயார்க் போலீஸாருக்கு நகரத்தையே நிறுத்தும் சங்கம் இருந்தது. தமிழ்நாட்டுக் கான்ஸ்டபிளுக்குச் சங்கமே கிடையாது. ஆனால், இந்த நியாயம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அதிகாரிகளே அதிகாரிகளை விசாரிக்கும் ஏற்பாட்டில் முதலில் பலியாவது கான்ஸ்டபிளும் ஏட்டும்தான். உத்தரவு போட்டவர் யார் என்று கேட்கும் தைரியம் உத்தரவு போட்டவரின் சகாக்களுக்கு வராது.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கினார் என்று ஓர் இளம் ஏ.எஸ்.பி. மீது குற்றச்சாட்டு எழுந்தது. முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர், பிறகு மூத்த ஐஏஎஸ் அதிகாரி, பிறகு சிபிசிஐடி. பணியிடை நீக்கம் செய்யப்பட்ட அதிகாரியின் நீக்கம் 2024 ஜனவரியில் ரத்தானது. விசாரணை ஒவ்வொரு கைக்கு மாறும்போதும், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் மறுபடி ஓர் அலுவலகத்துக்கு வந்து, மறுபடி ஓர் அதிகாரியின் முன் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. சாட்சி சலித்துப்போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எண்களும் அதையே சொல்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில் நாடு முழுக்கக் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். தண்டனை பெற்ற போலீஸார் 26 பேர்.

2025 ஜூன் மாதக் கடைசியில் திருப்புவனம் அருகே மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு வந்த பக்தர் ஒருவர், காரில் வைத்திருந்த நகை காணாமல் போனதாகச் சொன்னார். கோயில் காவலாளியான இளைஞரை மானாமதுரை டி.எஸ்.பி.யின் தனிப்படை அழைத்துப்போனது. எஃப்.ஐ.ஆர். கூட அப்போது போட்டிருக்கவில்லை. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள். அரசே தன் குடிமகனைக் கொன்றிருக்கிறது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொதித்தது. மாவட்ட நீதிபதி விசாரித்தார், தனிப்படைக் காவலர்கள் ஐவர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது.

அந்த வழக்குக்கு வலுச் சேர்த்தது சில வினாடிகள் ஓடும் ஒரு காணொளி. கோயில் ஊழியர் ஒருவர் கழிவறைச் சன்னல் வழியாக, கை நடுங்க, கைபேசியில் எடுத்தது. அது நேரே நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2013 சட்டம் வகுத்த முறைப்படி அதை எடுத்துக்கொண்டு அவர் போயிருக்க வேண்டிய இடம் சிவகங்கை மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம். அந்த அறையில் மூன்று நாற்காலிகள்: ஒன்று கலெக்டருடையது, ஒன்று கூடுதல் எஸ்.பி.யுடையது, இன்னொன்று எஸ்.பி.யுடையது. காவலாளி இறந்த சில நாட்களில் அரசு காத்திருப்போர் பட்டியலுக்கு அனுப்பியது அந்த எஸ்.பி.யைத்தான்.